பங்களா மேசை வெள்ளி: ஒற்றை ஸ்டெர்லிங் கரண்டியா, பெட்டி நிறைந்த முலாம் தொகுதியா?

இலங்கையின் மலையகத்தில் பழைய வெள்ளிக் கரண்டிகளைச் சேர்க்கத் தொடங்கும் எவரும் முதல் ஆண்டிலேயே ஒரு முடிச்சில் வந்து நிற்பர். ஒரு பக்கத்தில் பழந்துணியில் சுற்றிய, கறுத்துப்போன ஒரேயொரு மேசைக்கரண்டி இருக்கும். மறுபக்கத்தில், வெல்வெட் விரித்த மரப்பெட்டிக்குள் பன்னிரண்டு பேருக்குரிய கரண்டிகளும் முள்ளுக்கரண்டிகளும் கத்திகளும் பளபளவென்று அடுக்கப்பட்டிருக்கும். கேட்கப்படும் விலையோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பார்த்த மாத்திரத்தில் மனம் பெட்டியின் பக்கமே சாயும். நானும் அப்படிச் சாய்ந்து மூன்று பெட்டிகள் வாங்கியவன். இன்று அதே தெரிவு என் முன் வைக்கப்பட்டால், ஒரேயொரு விதிவிலக்கைத் தவிர, கறுத்த கரண்டியையே எடுப்பேன்.

ஸ்டெர்லிங் என்ற சொல் நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. லண்டனில் பதிவாகிப் பவுண்ட் நாணயத்தில் முதலிட்டவற்றை ஸ்டெர்லிங் கம்பனிகள் என்றும், இங்கே பதிவாகியவற்றை ரூபா கம்பனிகள் என்றும் நம் முன்னோர் வேறுபடுத்திப் பேசினர். கரண்டியில் அச்சொல் குறிப்பது வேறொன்றை: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சியதில் பெரும்பாலும் செம்பும் சேர்ந்த கலவை அது. முலாம் தொகுதியின் உடலிலோ வெள்ளியே இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றும் கலந்த உலோகத்தின்மீது மின்சாரத்தால் மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றப்பட்டிருக்கிறது. இம்முறைக்கு பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தினர் 1840 இல் காப்புரிமை பெற்றனர். அந்த அடியுலோகத்தை நிக்கல் சில்வர் என்றும் ஜெர்மன் சில்வர் என்றும் அழைத்ததால், பெயரை நம்பி ஏமாறுவோர் இன்றும் உள்ளனர்.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக, துரைமார் பங்களாக்களுக்கு இவ்விரு வகைகளும் கப்பலேறி வந்தன. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசு கையேற்ற 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது, பங்களாச் சாமான்கள் பல கைகளுக்குப் பிரிந்தன. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக, இருந்த என் தாத்தாவுக்கு, அக்காலத்தில் நாட்டைவிட்டுப் புறப்பட்ட துரை ஆறு மேசைக்கரண்டிகளையும், அவற்றைத் தாமே அன்பளிப்பாகக் கொடுப்பதாகக் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் கொடுத்துச் சென்றார். தாத்தா மறைந்த பின், அவை என்னவென்று வீட்டில் எவருக்கும் தெரியாமையால், பழைய உலோகம் வாங்க வந்த ஒருவரிடம் ஐந்து கரண்டிகள் பித்தளை விலைக்குப் போயின. அரிசிப் பானைக்குள் அளவுக்கரண்டியாகக் கிடந்த ஆறாவது மட்டும் தப்பியது. கைப்பிடியின் பின்புறத்தை ஒருவர் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், அந்த இழப்பு நேர்ந்திராது. ஆகவே அதைப் பற்றியே முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கில ஸ்டெர்லிங் கரண்டியின் பின்புறத்தில் சிறு முத்திரைகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். அவற்றுள் நடக்கும் சிங்கம் தரத்துக்கு உறுதியாகும். 1544 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. சிறுத்தைத் தலை லண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும், கிரீடம் 1974 வரை ஷெஃபீல்டையும் குறிக்கும். தனித்த எழுத்தொன்று ஆண்டைக் காட்டும். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும், எழுத்துவரிசை முடிந்து மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால், எழுத்தை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானித்தல் கூடாது. செய்தவரின் பெயரெழுத்துகள் தனியே இருக்கும். இவற்றோடு அரசர் அல்லது அரசியின் தலை காணப்பட்டால், வரி செலுத்தியமைக்கான அந்த முத்திரை 1784 முதல் 1890 வரை மட்டுமே குத்தப்பட்டது என்பதை நினைவிற் கொள்க. தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியது அதே 1890 இல். ஆகவே விக்டோரியா அரசியின் தலை பதிந்த கரண்டியொன்று, லிப்டனின் தோட்டமிருந்த தம்பேதன்னைப் பக்கத்தில் கிடைத்தால், அது லிப்டன் காலத்துக்கு முன்பே செய்யப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

முலாம் பூசிய பொருளைச் செய்தவர்களும் இந்த வரிசையின் மதிப்பை நன்கு அறிந்திருந்தனர். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பதன் சுருக்கமான ஈ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அலங்கார வடிவில், தனித்தனிக் கேடயங்களுக்குள் அவர்கள் குத்தியதால், மங்கிய வெளிச்சத்தில் அவை மெய்யான முத்திரைகளைப் போலவே தோன்றும். ஷெஃபீல்ட் என்று ஊர்ப்பெயர் முழுமையாக எழுதப்பட்டிருப்பதும், ஏ1 என்ற தரக்குறியும் வெள்ளிக்குச் சான்றல்ல. சிங்கம் இல்லையேல் ஆங்கில ஸ்டெர்லிங் என்று ஏற்காமல் இருப்பதே பாதுகாப்பு. எனினும் எடின்பரோவின் கோட்டையும் முட்செடியும் கொண்ட ஸ்கொட்லாந்துப் பொருள்களுக்கும், இந்தியாவில் செய்யப்பட்டவற்றுக்கும் இவ்விதி பொருந்தாது. சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் வெள்ளியில் கடைப்பெயரே பதிந்திருக்கும். அத்தகையது கிடைத்தால் விட்டுவிடலாகாது.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் சமையலறைத் தராசே துணை. கரண்டியை முதலில் எடைபோட வேண்டும். பின்னர் பாதியளவு நீருள்ள கண்ணாடிக் குவளையை மின்தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, கரண்டியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாதபடி முழுவதும் நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது கரண்டி விலக்கிய நீரின் எடை. கரண்டியின் எடையை அதனால் வகுத்தால், ஸ்டெர்லிங்குக்கு 10.3 அளவிலும், நிக்கல் சில்வருக்கு 8.7 அளவிலும் விடை வரும். தாத்தாவின் ஆறாவது கரண்டி 62 கிராம். நீரில் 6 கிராம் காட்டியது. அதே எடையுள்ள முலாம் கரண்டி 7 கிராமுக்குச் சற்று மேலே காட்டியிருக்கும். காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் பலர் உள்ளனர். வெள்ளியும் நிக்கல் சில்வரும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை என்பதால் அச்சோதனை இங்கே பயன்படாது.

இனி, வைத்திருப்பதில் உள்ள வேறுபாடு. நுவரெலியா, ஹப்புத்தளை போன்ற இடங்களின் ஈரக்காற்றிலும் விறகுப் புகையிலும் வெள்ளி விரைவில் கறுக்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் படலமே அக்கறுப்பு. ஸ்டெர்லிங்கில் அதைத் துடைத்தால் கீழேயும் வெள்ளிதான். முலாமிலோ ஒவ்வொரு துடைப்பும் கொஞ்சம் வெள்ளியைக் கொண்டுபோய்விடும். கரண்டிக் கிண்ணத்தின் அடிப்புறமும் முள்ளுக்கரண்டியின் தோள்பகுதியும் முதலில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் காட்டத் தொடங்கும். மறுபடி முலாம் பூசலாம். ஆனால் அதற்குச் செலவிடும் பணம் விற்கும்போது திரும்பி வருவது அரிது. நம் வீடுகளில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அடுப்புச் சாம்பலும் புளியும் கொண்டு தேய்ப்பதை இரு வகைக்குமே தவிர்க்க வேண்டும். திருநீறு சாம்பலைவிட மென்மையானதுதான். ஆயினும் முத்திரைமீது ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் சிங்கமும் உருவிழக்கும். இளஞ்சூட்டு நீர், சிறிது சவர்க்காரம், பருத்தித் துணி ஆகியவையே போதும். இறப்பர் வளையத்தால் கட்டிவைப்பதும் பிழை. இறப்பரிலுள்ள கந்தகம் கரண்டியில் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும்.

வாங்கும் வேளையில் கரண்டியின்மீது மூச்சை ஊதிப் பாருங்கள். ஆவி படியும் அந்த நொடியில், பற்றவைத்த இடமும், சுரண்டி அழித்த பெயரெழுத்துகளின் தடமும் தெரியும். அழித்த இடத்தில் உலோகம் மெலிந்திருப்பதால், பெயரெழுத்துகளை அப்படியே விட்டுவைத்த கரண்டியே நல்லது. பதினெட்டாம் நூற்றாண்டு முள்ளுக்கரண்டிகள் அக்காலக் கரண்டிகளைவிட அரியவை. விலை கூடுதல் என்பதற்காகப் பழைய கரண்டியை முள்ளுக்கரண்டியாக மாற்றியமைத்த மோசடிகளும் உண்டு. முள்கள் நால்வகை நீளத்தில் தேய்ந்திராமல் புதிதாக வெட்டியதுபோல் நேராக நின்றால் ஐயுறுக.

கத்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இரு வகையிலும் அவை பலவீனமானவை. வெள்ளிக் கைப்பிடிகளின் உள்ளே குங்கிலியம் போன்ற நிரப்பு இருப்பதால் எடைக் கணக்கு பொய்க்கும். கொதிநீரில் இட்டால் அது இளகிக் கைப்பிடி கழன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு 1913 இல் ஷெஃபீல்டில் உருவானது என்பதால், அத்தகைய அலகுள்ள கத்தி அதற்குப் பிற்பட்டது, அல்லது அலகு மாற்றப்பட்டது. யானைத் தந்தப் பிடியுள்ளவற்றை நான் எந்த விலைக்கும் வாங்குவதில்லை. அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது சட்டச் சிக்கலை வரவழைப்பதோடு, ஐக்கிய இராச்சியமும் 2022 முதல் தந்த வணிகத்துக்குப் பெரும்பாலும் கதவடைத்துள்ளது.

விற்பனைக்கு வந்தால் இவ்விரண்டும் வேறு வேறு சந்தைகளுக்குரியவை. ஸ்டெர்லிங்குக்குக் கீழெல்லையான ஒரு விலை எப்போதும் உண்டு: 62 கிராம் கரண்டியில் 57 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தூய வெள்ளி இருக்கிறது, அன்றைய விலையோடு அதைப் பெருக்கினால் கிடைப்பதே அடித்தளம். கொழும்புச் செட்டியார் தெருவிலோ கண்டியிலோ பத்தரிடம் கொண்டுபோனால் அதிலிருந்து உருக்குச் செலவைக் கழித்துத் தருவார். முத்திரையின் வயதை அவர் கணக்கிலெடுக்கமாட்டார், அது அவருடைய தொழிலுமன்று. பழம்பொருள் வணிகர் அதற்கு மேலே தரக்கூடும். ஆனால் வெள்ளி விலை ஏறும் காலத்தில் இவ்விரு விலைகளுக்கும் இடையிலான தூரம் குறுகிவிடும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டொலரை நெருங்கியபோது ஏராளமான பழைய வெள்ளி உலைக்குப் போயிற்று. 2025 ஒக்டோபரில் அவ்வெல்லையே கடக்கப்பட்டது. ஆகவே தேய்ந்த விக்டோரியா காலத் தேக்கரண்டிகளை ஒருவர் எடைக்கு விற்றால் நான் குறைகூறமாட்டேன். 1800 க்கு முற்பட்டவற்றையும், இந்தியக் கடைப்பெயர் கொண்டவற்றையும், பெரிய பரிமாறும் கரண்டிகளையும் உலைக்கு அனுப்புவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உருகியபின் அவற்றின் ஆண்டையும் செய்தவரையும் எவராலும் மீட்க இயலாது.

முலாம் தொகுதிக்கு அத்தகைய அடித்தளம் இல்லை. அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. ஆயினும் அதற்கு ஒரு நேர்மையான சந்தை நம்மிடமே இருக்கிறது. விடுதிகளாக மாறிய தோட்டப் பங்களாக்கள் பழைய பாணியில் மேசை போட விரும்புகின்றன. குறைவில்லாத பன்னிரண்டு பேர் தொகுதியை அவை பயன்பாட்டுக்கென வாங்கும். ஓர் உருப்படி குறைந்தாலும் விலை சரியும். எனவே முலாம் பெட்டியைப் பிரித்து விற்காதீர்கள்; ஸ்டெர்லிங்கைப் பிரித்து விற்பதில் பெரிய இழப்பு இல்லை.

முதலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். மலையகத்துக்கென்றே எழுத்துப் பொறித்துச் செய்யப்பட்ட முலாம் பொருள்களை நான் ஸ்டெர்லிங்குக்குச் சமமாக மதிக்கிறேன். இலங்கை அரசாங்க ரயில்வேயின் சி.ஜி.ஆர். எழுத்துகள், பழைய விடுதி, கழகம் அல்லது தோட்டத்தின் பெயர் ஆகியவை பதிந்த முள்ளுக்கரண்டி, உலோகமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை; ஆனால் 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் எட்டிய அந்தப் பாதையின் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. லண்டன் சேகரிப்பாளருக்கு அது பெரிதாகப் படாது. இங்குள்ளவர் கூடுதல் விலை கொடுப்பார். ஒரு நிபந்தனை மட்டும்: நிறுவனத்தின் பெயர் பதிந்த பொருள் விற்பவரிடம் எவ்வாறு வந்தது என்று கேட்டு, பற்றுச்சீட்டு எழுதி வாங்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

வெளிநாட்டில் விற்க எண்ணுவோர் இரு சட்டங்களைக் கவனிக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம், அவற்றின் ஏற்றுமதிக்கும் அவற்றை வைத்து வணிகம் செய்வதற்கும் அனுமதிப்பத்திர முறையை ஏற்படுத்தியது. முத்திரையிலுள்ள ஆண்டெழுத்தைப் படித்தறிந்து, தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டபின்னரே பொதியைக் கட்ட வேண்டும்.

சென்ற மாதம் ஹட்டனிலிருந்து ஓர் அக்கா, தம் மாமனாரின் பெட்டியொன்றை என்னிடம் கொண்டுவந்தார்: முலாம் தொகுதி ஒன்று, அதனுள் கலந்து கிடந்த இரண்டு லண்டன் கரண்டிகள், சி.ஜி.ஆர். எழுத்துள்ள ஒரு முள்ளுக்கரண்டி. தொகுதியை விடுதியொன்றுக்கு முழுமையாகக் கொடுக்குமாறும், லண்டன் கரண்டிகளை விலைக்கு அவசரப்படாமல் வைத்திருக்குமாறும் சொன்னேன். முள்ளுக்கரண்டி எப்படி வந்தது என்று கேட்டேன். மாமனார் ரயில்வேயில் வேலை செய்தவர் என்றார். அவருடைய ஓய்வூதியக் கடிதத்தின் பிரதியை எடுத்து, முள்ளுக்கரண்டியோடு ஒரே உறைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.