ஃபியூயல் பம்ப் வோல்டேஜ் பூஸ்டரும் மெத்தனால் இன்ஜெக்ஷனும்: நெல்லை வெயிலில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த பிறகு

டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றாமல், அதற்குப் போகும் வோல்டேஜை மட்டும் ஏற்றி பெட்ரோல் ஓட்டத்தைக் கூட்டும் பெட்டிதான் வோல்டேஜ் பூஸ்டர். கென் பெல்லின் பூஸ்ட்-எ-பம்ப் இந்த வகையில் பழைய பெயர். ஒரு கோடையும் ஒரு காற்றுக்காலமும் தாண்டிய பிறகு சொல்ல முடிவது இது: பெட்டி சொன்ன வேலையைச் செய்கிறது, ஒயரிங் சரியாக இருந்தால் மட்டும். கூடவே, குளிர்விக்க இன்டேக் காற்றில் மெத்தனாலும் அடிக்கிறீர்கள் என்றால், பெட்ரோல் பற்றாக்குறையை மெத்தனால் ஈடுகட்டிவிடும் என்று ஒருபோதும் ட்யூன் செய்யாதீர்கள்.

இங்கே பேசுவது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். கம்பெனி கணக்கு 150 குதிரைத்திறன். டர்போ கே04 என்ற பெரிய அளவுக்கும் இன்ஜெக்டரும் இன்டர்கூலரும் அதற்கேற்பவும் மாற்றப்பட்டவை, 1.2 பார் பூஸ்ட்டில் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம்) 230 முதல் 250 குதிரைத்திறன் வரை இலக்கு. ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு ஏற்ப பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் வகை. அடிப்படை 3 பார் என்றால், 1.2 பார் பூஸ்ட்டில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) 4.2 பார் நிற்க வேண்டும். பழைய பம்ப் தடுமாறுவது அங்கேதான். ரெயில் 3.8-க்கு இறங்கினால், 1.2 பூஸ்ட் போக இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2.6 பார் மட்டுமே. ஓட்டம் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும்; 11.8-இல் இருந்த காற்று-எரிபொருள் விகிதம் 12.7 பக்கம் போய்விடும், அதாவது லீன்: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஃபுல் பூஸ்ட்டில் இது பிஸ்டனுக்கு ஆபத்து. பங்க்கில் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான் வருகிறது என்பதால், அதே பவருக்குப் பழைய பெட்ரோலைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பம்ப் கனெக்டரிலும் வோல்டேஜ் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் பேட்டரியில் 13.9, பம்பில் 12.1 என்று வருவது சகஜம். 1.8 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 5 மீட்டருக்கு 15 ஆம்பியர் போனால் ஒரு பக்கத்திலேயே 0.9 வோல்ட் விழும். 4 ஸ்கொயர் போட்டால் அது 0.35. எனவே பேட்டரியிலிருந்து 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ், டிக்கியில் 40 ஆம்பியர் ரிலே, பம்புக்குத் தனி எர்த். பழைய பம்ப் ஒயர் ரிலேயை இயக்கும் சிக்னலாக மட்டும் இருக்கட்டும். வண்டி மோதினால் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்தும் வசதி அப்படித்தான் தப்பும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் லக் (ஒயர் முனை வளையம்) போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று அந்த லக்கைத்தான் முதலில் தின்னும். 200 குதிரைத்திறன் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்தலாம், பூஸ்டரே தேவைப்படாது.

ஒயரிங்கை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. சாதாரண பம்பில் வோல்டேஜ் விழுந்தால் கரண்டும் குறையும், தவறு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். பூஸ்டரில் நேர்மாறு. வெளியே 16.5 வோல்ட்டில் 13 ஆம்பியர் கொடுக்க, இழப்பையும் சேர்த்து உள்ளே 245 வாட் வேண்டும், 13.5 வோல்ட் வந்தால் 18 ஆம்பியர் இழுக்கும். இரவில் ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடி உள்ளே வருவது 12-க்கு இறங்கினால், அதே வாட்டுக்காக 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயர் இன்னும் சூடாகும், வோல்டேஜ் இன்னும் விழும், பெட்டி இன்னும் இழுக்கும். ஃபியூஸ் போவதில்லை, ஃபியூஸ் ஹோல்டர்தான் உருகுகிறது. ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள்: ஒரு கால் மட்டும் பழுத்து நிறம் மாறியிருந்தால், பிளாஸ்டிக் அந்தப் பக்கம் லேசாக நெளிந்திருந்தால், பிரச்சினை அந்தப் பிடிப்பில்தான். அதற்காகப் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து ஒயர் எரியும். மலிவான ஹோல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேக்ஸி ஃபியூஸ் ஹோல்டரை ஒழுங்காக கிரிம்ப் செய்து மாட்டுங்கள். வண்ணார்பேட்டை ஸ்பேர் கடை அண்ணாச்சியிடம் "லாரிக்குப் போடுறது" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். குமிழைத் திருகினால் 17, 18 வோல்ட் என்று ஏறிக்கொண்டே போகும் பெட்டிகள் உண்டு. நம்ம ஊருக்கு 16.5 போதும். பம்ப் வேகம் கூடினால் அடியில் இருக்கும் வலையில் உறிஞ்சலும் கூடும். சித்திரை, வைகாசி மதியத்தில், ரிட்டர்ன் லைனில் சுற்றிச் சுற்றிச் சூடேறிய பெட்ரோல் அந்த உறிஞ்சலில் ஆவியாகத் தொடங்கும். பம்பின் சீரான ரீங்காரம் மணலை அரைப்பது போன்ற சத்தமாக மாறும். வோல்டேஜ் மீட்டர் 16.5 காட்டிக்கொண்டிருக்க, ரெயில் அழுத்தம் மட்டும் ஆடும். டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விடாமலும், வலையைப் புதிதாகவும் வைத்திருந்தால் இது பெரும்பாலும் வராது. பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடை இ20 கரைத்துக் கொண்டுவந்து வலையில் அடைப்பதால், பூஸ்டர் போடும் நாளிலேயே வலையையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

பூஸ்ட் பிரஷர் ஸ்விட்ச் 0.4 பாரில் பூஸ்டரை எழுப்பட்டும், மெத்தனால் பம்ப் 0.7-இல் தொடங்கட்டும். இந்த வரிசை முக்கியம். இரண்டுக்கும் ஒரே ரிலே, ஒரே எர்த் கொடுத்தால் மெத்தனால் பம்ப் கிளம்பும் நொடியில் பெட்ரோல் பம்ப் வோல்டேஜ் ஒரு குலுக்கு குலுங்கும். சாதாரண ஓட்டத்தில் பூஸ்டர் பேட்டரி வோல்டேஜை அப்படியே கடத்திவிடுவதால் பம்ப் தேய்மானம் பெரிதாகக் கூடவில்லை, டேங்கும் அனாவசியமாகச் சூடாவதில்லை. பெரிய பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதைவிட இது மேல்.

ஆனால் அதே குணத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. வெயிலில் டிக்கி கொதித்து உள்ளே கபாசிட்டர் வறண்டுபோனால், பெட்டி செத்தது வெளியே தெரியாது. பேட்டரி வோல்டேஜ் வழக்கம்போலப் போகும். ஐடில் நன்றாக இருக்கும், டவுனுக்குள் பிக்கப்பும் நன்றாக இருக்கும். ஃபுல் பூஸ்ட்டில் மட்டும் லீன் ஆகும். ஆகவே வெளியீட்டு வோல்டேஜுக்கு டேஷ்போர்டில் ஒரு மீட்டர், ரெயிலில் ஒரு அழுத்த சென்சார் கட்டாயம். ரெயிலுக்கும் பூஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.7 பாருக்குக் கீழே போனால் பூஸ்ட்டை வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கும்படி இன்ஜின் கம்ப்யூட்டர் மேப்பில் எழுதுங்கள். பெட்டியைத் தகடோடு ஒட்டி, காற்று படும் இடத்தில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள்.

இனி மெத்தனால். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நிமிடத்துக்கு 300 மில்லி அடித்தால், அதில் எரிபொருளாகச் சேர்வது இந்த பவருக்கு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் மட்டுமே. அதன் உண்மையான வேலை குளிர்விப்பதும் நாக்கிங்கை (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) தள்ளிப்போடுவதும். முழு மெத்தனால் அடித்தால் பங்கு 10 சதவீதம் ஆகும். அந்த நிலையில் நாசில் அடைத்தால் அதே 10 சதவீதம் லீன். எனவே முதலில் மெத்தனாலை நிறுத்திவிட்டு, குறைந்த பூஸ்ட்டில், பெட்ரோல் மட்டும் கொண்டு விகிதத்தைச் சரிசெய்யுங்கள். பிறகுதான் நாசிலைத் திறந்து ஸ்பார்க் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி ஏற்ற வேண்டும். அடைப்புக்கு நம்ம பக்கம் முதல் காரணம் தண்ணீர். ராதாபுரம் வட்டாரத்து போர் தண்ணீரை ஊற்றினால் நாசில் துளையில் உப்பு கட்டிவிடும். டிஸ்டில்ட் வாட்டர் தவிர எதுவும் கூடாது. நாசிலை ஒட்டி ஒரு சோலனாய்டு வால்வு வையுங்கள், இல்லாவிட்டால் ஐடிலில் இன்டேக் வெற்றிடம் மெத்தனால் டேங்கை உறிஞ்சிக் காலி செய்யும்.

மெத்தனாலைச் சும்மா கடையில் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரை வாங்கியது இந்தச் சரக்குதான். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம். உரிமம் இல்லாதவர்கள் வெறும் தண்ணீர் இன்ஜெக்ஷனோடு இருங்கள். குளிர்ச்சி நன்றாகவே கிடைக்கும், எரிபொருள் பங்கு மட்டும் இருக்காது. பூஸ்டரின் பக்கம் ஒழுங்காக இருந்தால் அது ஒரு குறையே இல்லை.

ஃபுல் பூஸ்ட் சோதனைக்கு நான்குவழிச் சாலை இடமல்ல. டைனோ (வண்டியை உருளை மேல் ஓட்டி பவர் அளக்கும் கருவி), இல்லாவிட்டால் கோவை செட்டிப்பாளையத்து கரி ஸ்பீட்வே மாதிரி டிராக். இப்படி மாற்றிய வண்டி பொதுச் சாலையில் ஓடினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். டிராக்குக்குக் கிளம்பும் முன் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், எர்த் லக்கைத் திருகிப் பாருங்கள், பிரஷர் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் நேரடியாக இணைத்து மீட்டரில் 16.5 வருகிறதா என்று பாருங்கள். 14-இலேயே நின்றால் அன்றைக்குப் பூஸ்ட் ஏற்ற வேண்டாம்.