ஐந்து லட்சமா, பதினான்கா, முப்பத்திரண்டா: ஒரு டிரைவரின் சாவுக்கு மூன்று கணக்குகள்

மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார் அந்தப் பெண். ரேஷன் அட்டை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஓட்டுநர் உரிமத்தின் நகல், மூத்த பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டீசல் பில். கணவர் மினி லாரி ஓட்டியவர், வயது 35. உளுந்தூர்பேட்டைக்கு இப்பால், விடியற்காலை மூன்று மணிக்கு, சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அங்கேயே உயிர் போயிருக்கிறது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, “ஐந்து லட்சம், சீக்கிரமே கைக்கு வந்துவிடும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“வாங்கிக்கொள்ளட்டுமா சார்?”

“எங்கேயும் கையெழுத்துப் போடாதேம்மா, வக்கீல் ஐயா வரட்டும்” என்றேன். வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடம் ஓட்டியதில் நான் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் இதுதான்.

ஐயா வந்து எஃப்.ஐ.ஆரைப் படித்தார். ‘இறந்துபோன ஓட்டுநர் அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டிச் சென்று, முன்னால் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி’ என்று இருந்தது. செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்பதால் பல முதல் தகவல் அறிக்கைகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. பிறகு அன்றைய வழக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டு மூன்று கணக்கு எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் கணக்கு ஐந்து லட்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். யார்மேல் தவறு என்ற கேள்வியே கிடையாது. 149-ஆம் பிரிவின்படி இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி தொகையைச் சொல்வார், குடும்பம் ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அதன்பின் முப்பது நாளில் பணம். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அதை வாங்கிக்கொண்டால், தவறை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்கும் 166-ஆம் பிரிவு மனு அந்த நிமிடமே செத்துப்போகிறது. வீட்டுக்கு வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது கணக்கு, இறந்தவர் வேலையில் இருக்கும்போது இறந்தார் என்பதால் வருவது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஓர் அத்தியாயம். பெயர் மாறினாலும் கணக்கு மாறவில்லை: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06. சம்பளம் 15,000 என்றால் 7,500 பெருக்கல் 197.06, ஆக 14,77,950 ரூபாய். வழக்கு நின்றிருந்த லாரியின்மேல் அல்ல, சொந்த முதலாளியின்மேல். பணம் பெரும்பாலும் அவர் வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து வரும். போக வேண்டிய இடமும் கோர்ட் அல்ல, தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம்.

இதன் பலம் என்ன தெரியுமா? ஓட்டியவரே தூங்கி மோதியிருந்தாலும் கிடைக்கும். காயத்துக்குக் கேட்கும்போது குடிபோதை ஒரு தடையாக வரலாம். மரணத்துக்கு அதுகூடத் தடையில்லை. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. பலவீனமும் உண்டு. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மத்திய அரசு 2020-இல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். மாதம் 22,000 வாங்கியவரும் இந்த மேசையில் 15,000 வாங்கியவர்தான்.

மூன்றாவது, நாங்கள் அன்றாடம் எம்.சி.ஓ.பி. என்று சொல்லும் மனு: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவில் போடுவது. இதற்குத் தவறை நிரூபித்தாக வேண்டும். தொகையை எப்படிப் போடுவது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வாய்ப்பாடு மாதிரி சொல்லிவைத்திருக்கிறது. 15,000 சம்பளம், ஆண்டுக்கு 1,80,000. நாற்பது வயதுக்குக் கீழ், நிரந்தர வேலை இல்லை. எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர், அதனால் இறந்தவரின் சொந்தச் செலவாகக் கால்பங்கு கழித்தால் 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கி, அதாவது வயதுக்கேற்ற பெருக்கு எண், 16. ஆக 30,24,000. இறுதிச் சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் தலா 15,000. மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்கு உறவை இழந்ததற்காகத் தலா 40,000. இவை 2017 அளவுகள்; மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொல்லியிருக்கிறது கோர்ட். பழைய அளவிலேயே வைத்தாலும் மொத்தம் 32,14,000. சம்பளம் 22,000 என்று காட்ட முடிந்தால் வருமான இழப்பு மட்டுமே 44,35,200.

ஐந்து, பதினான்கே முக்கால், முப்பத்திரண்டு. சிறுபிள்ளைகூட மூன்றாவதைத்தான் தொடும். ஆனால் 167-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: தொழிலாளர் இழப்பீடு அல்லது மோட்டார் வாகன இழப்பீடு, இரண்டில் ஒன்றுதான். இங்கே எஃப்.ஐ.ஆரில் குற்றவாளி இறந்தவரே. தவறு முழுக்க அவருடையது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் முப்பத்திரண்டு லட்சம் பூஜ்யமாகிவிடும்.

ஐயா அந்தத் தாளில் கீழே இன்னொரு வரி எழுதினார். நான் அதுவரை யோசிக்காதது. தவறை இருவருக்கும் பங்கு போட்டால், இறந்தவரின் பங்கு அளவுக்குத் தொகை குறையும். 40 சதவீதம் அவர்மேல் என்றாலும் 19,28,400 கிடைக்கும். தொழிலாளர் வழியைவிட அதிகம். 60 சதவீதம் அவர்மேல் என்றால் 12,85,600. அப்போது தொழிலாளர் வழியே மேல். ஏறத்தாழ 54 சதவீதத்தில் இரண்டும் சமம். ஆகவே கேள்வி ‘எது பெரிய தொகை’ என்பதல்ல. நின்றிருந்த லாரியின்மேல் பாதித் தவறையாவது ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

ஏற்ற முடிந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்த பெண்ணின் அண்ணன் செல்போனில் நாலைந்து படம் எடுத்திருந்தார். லாரி ஓரத்தில் நிற்கவில்லை, இரண்டு சக்கரமும் தாரின்மேல். பின்பக்கம் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சேறு. சாலையில் முக்கோண எச்சரிக்கைப் பலகை இல்லை. போலீஸ் வரைபடத்தில் லாரி மண்ணில் நிற்பதாகப் போட்டிருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். என்பது ஒரு புகாரின் பதிவு, தீர்ப்பு அல்ல. தீர்ப்பாயத்தில் அதை மறுத்துச் சாட்சி சொல்ல முடியும். எம்.சி.ஓ.பி. போடுவது என்று முடிவானது.

எல்லாருக்கும் இதே முடிவைச் சொல்ல மாட்டேன். எழுபது வயதுப் பெரியவர், மாதம் 8,000 வருமானம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்கு எதிர்கால வளர்ச்சி கிடையாது, பெருக்கி வெறும் 5. மூன்றில் ஒரு பங்கு கழித்துப் பெருக்கினால் 3,20,000. மற்றத் தலைப்புகளை அதே 2017 அளவில் சேர்த்தால் 4,70,000. நான்கைந்து வருடம் வாய்தாவுக்கு அலைந்து இதை வாங்குவதைவிட, 164-இன் ஐந்து லட்சம் ஏறத்தாழ அதே தொகை, சீக்கிரமும் வருகிறது. அந்தப் பிரிவைக் கேவலமாகப் பேசும் வக்கீல்கள் உண்டு. இந்த வீடுகளுக்கு அது வரம். தவறு யாருடையது என்று காட்ட ஒரு சாட்சியும் கிடைக்காத வழக்குகளுக்கும் அப்படியே.

மோதிய வண்டியே தெரியாவிட்டால் கதை வேறு. 161-ஆம் பிரிவில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் வழியாகக் கலெக்டருக்குப் போகும். தொகை சிறியது, அதைக்கூடப் பலர் கேட்பதில்லை.

காயத்தில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு 164-ஐ நான் அநேகமாகச் சிபாரிசு செய்வதே இல்லை. காரணம் 2010-இல் வந்த ராஜ்குமார் தீர்ப்பு. ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவ வாரியம் சொல்வது ஒன்று, அதனால் பிழைப்பு எத்தனை சதவீதம் போனது என்பது வேறொன்று என்று அதில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இடக்கை போனால் சான்றிதழில் 60 சதவீதம் இருக்கலாம். டிரைவருக்கோ தச்சருக்கோ அது ஏறக்குறைய 100 சதவீத இழப்பு, அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியல்ல. இரண்டரை லட்சத்துக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது.

இனி லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். இதைத் தனி வழியாகப் பலர் நினைக்கிறார்கள், உண்மையில் எம்.சி.ஓ.பி. போகும் பாதையில் உள்ள ஒரு கிளைச்சாலை. அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது, இரு தரப்புக்கும். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். தீர்ப்பாயத்தில் ஜெயித்தால் நிலைமை வேறு: கம்பெனி உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்னும் அப்பீல் போடலாம், தொகையில் ஒரு பகுதி அங்கே மாட்டிக்கொள்ளலாம். இங்கே தீர்ப்பாயங்கள் வழக்கமாகத் தரும் 7.5 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்தான். வட்டியைக் காட்டி மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது.

லோக் அதாலத்துக்கு எப்போது போகிறோம் என்பதுதான் எல்லாம். சாட்சி விசாரணைக்கு முன்னால் போனால் கம்பெனி வக்கீல் எஃப்.ஐ.ஆரை நீட்டிப் பேசுவார். இந்த வழக்கில் முதல் முறை சொன்ன தொகை ஒன்பது லட்சம். எழுந்து வந்துவிட்டோம். அண்ணன் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையில் அந்தப் படங்கள் அசையாமல் நின்ற பிறகு, அடுத்த அமர்வில் அதே வக்கீல் இருபத்தொரு லட்சம் என்றார். ஐயாவின் கணிப்பில் தீர்ப்பாயம் இறந்தவர்மேல் 30 சதவீதம் போடும். கையில் 22,49,800 ரூபாயும் வட்டியும் வரும். நானாக இருந்தால் பொறுத்திருப்பேன். அந்தப் பெண் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “இந்த வருடமே கையில் வந்துவிடுமா?” என்றார். வரும் என்றோம். கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளின் பங்கு பதினெட்டு வயது வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போனது. அதை அவராலும் தொட முடியாது, உறவினராலும் தொட முடியாது.

எதிர் வண்டி அரசு பஸ்ஸாக இருந்திருந்தால் நான் இன்னும் அவசரமாக லோக் அதாலத் பக்கம் தள்ளியிருப்பேன். அங்கே பணம் தர வேண்டியது போக்குவரத்துக் கழகமே. தீர்ப்பு வந்தும் பணம் வராமல் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா பஸ் நிலையத்துக்கே போய்ப் பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் யார்?

காலக்கெடு பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துகளுக்கு 166-ஆம் பிரிவு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், காலம் கடந்ததைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். கருமாதி முடிந்த கையோடு வாருங்கள். விபத்து நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை; நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலிடம் ‘வருகிற தொகையில் இத்தனை பங்கு’ என்று பேசாதீர்கள். அப்படி வாங்குவதற்கு பார் கவுன்சில் விதியிலேயே தடை இருக்கிறது.

அந்த டீசல் பில் கட்டுக்கு வருகிறேன். வழக்குப் போட்ட மாதம் மினி லாரி முதலாளி, “எப்போதாவது வண்டி எடுப்பான், மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது” என்று கைவிரித்துவிட்டார். சம்பள ரசீது இல்லை, வங்கிக் கணக்கில் வரவு இல்லை. பேட்டா எல்லாம் கைக்காசு. பில்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். பதினொரு மாதம், வாரத்துக்கு நான்கைந்து, ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும் கீழே இறந்தவரின் கையெழுத்தும். வேலையில் இருந்ததற்கும், வருமானத்துக்கும் அதுவே சான்றாவணமாகக் குறியிடப்பட்டது.

இதை எதற்காகப் பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். கைக்காசு போட்டு டீசல் அடித்த வகையில் முதலாளி 1,200 ரூபாய் தர வேண்டியிருந்ததாம். கணக்குக் காட்டி வாங்கலாமென்று கணவர்தான் சேர்த்து வைத்தாராம்.