பயிற்சிக் காலத்தில் சம்பளமா, உதவித்தொகையா?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பத்து ஆசிரியர்களில் ஏறத்தாழ எட்டுப் பேர் வெள்ளையர்கள். மாணவர்களில் வெள்ளையர்கள் பாதிக்கும் குறைவு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று பணம். கல்லூரிக் கட்டணம் கட்டி, கடைசியில் மாதக்கணக்கில் சம்பளமே இல்லாமல் வகுப்பெடுத்துப் பழக எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

இந்தத் தடையைத் தாண்ட மூன்று வழிகளைப் பார்க்கலாம். பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் 'டீச் ஃபார் அமெரிக்கா' அமைப்பின் வழி வேகமானது. கோடையில் சில வாரப் பயிற்சி, அப்புறம் முழுச் சம்பளத்தோடு நேராக வகுப்பறை. ஆனால் ஒப்பந்தமே இரண்டு ஆண்டுக்குத்தான். முடிந்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள்.

2003-இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய, உதவித்தொகையோடு பயிற்சி தரும் 'ரெசிடென்சி' திட்டம் பொறுமையான வழி. வாரத்தில் நான்கு நாள், ஓராண்டு முழுக்க, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பிலேயே இருக்க வேண்டும். பின்வரிசையில் கவனிப்பதில் தொடங்கி, ஒரு பாடவேளையைத் தனியாக எடுத்து, அன்றைக்கே அது எங்கே சறுக்கியது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் படித்தவர்களை ஆராய்ந்தபோது, நகரின் மற்றப் புது ஆசிரியர்களைவிட அவர்களிடம் இனப் பன்மை கூடுதல் என்றும், ஐந்தாம் ஆண்டுவரை நிலைத்தவர்களும் அதிகம் என்றும் தெரிந்தது. கணக்குப் பாடம் நடத்துவதில் முதலில் பின்தங்கினாலும் நான்கைந்து ஆண்டில் மற்றவர்களை முந்தினார்கள். குறை, உதவித்தொகைதான். பாஸ்டன் மாதிரி விலைவாசியில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் பள்ளி மாவட்டம் (அவ்வூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வேறு இடத்தில் ஆள் தேடியது. பள்ளியில் ஏற்கெனவே வகுப்பறை உதவியாளராக இருப்பவர்களும் உள்ளூர் இளைஞர்களும் உதவியாளர் சம்பளம் வாங்கிக்கொண்டே, ஆஸ்டின் பே பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் மூன்றாண்டில் பட்டம் பெறலாம். 2022 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு இதை அப்ரெண்டிஸ்ஷிப்பாக, அதாவது சம்பளத்தோடு தொழில் பழகும் திட்டமாக, பதிவு செய்தது. பொதுவாக உதவியாளர்களிடையே ஆசிரியர்களைவிட இனப் பன்மை அதிகம். ஊரும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பழக்கம். எனக்கு இருக்கும் ஒரே பயம், உதவியாளர் வேலையே நாள் முழுவதையும் விழுங்கி, கற்கும் நேரம் சுருங்கிவிடுமோ என்பது.

ஆனாலும் என் ஓட்டு இதற்கே. 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித்துறை, பன்மை சார்ந்த பயிற்சிகளைக் காரணம் காட்டி, 60 கோடி டாலருக்கும் அதிகமான ஆசிரியர் பயிற்சி மானியங்களை ரத்து செய்வதாக அறிவித்தது. மானியத்தை நம்பிய உதவித்தொகை அப்படி ஒரே அறிவிப்பில் ஆட்டம் காணும். உதவியாளர் சம்பளம் பள்ளி மாவட்டத்தின் வழக்கமான செலவுக்கணக்கில் இருப்பதால் அவ்வளவு எளிதில் நிற்காது. அதோடு பாஸ்டனைப் போல வழிகாட்டி ஆசிரியரோடு உட்காரத் தினமும் ஒரு பாடவேளையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.