ஃபோர்டு 460 மோட்டார்ஹோம்: என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றுவதா, சரிசெய்து வாங்குவதா?

1990களின் தொடக்கத்தில் வந்த ஃபோர்டு 460 என்ஜின் மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிகள்) இருப்பது இஇசி-4 கம்ப்யூட்டர், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. ஃபோர்டு அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. இன்று அமெரிக்காவில் இரண்டு விதமான சேவைகள் உண்டு: பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்து வைத்திருக்கும் வேறொன்றை வாங்குவது ஒன்று, உங்கள் பெட்டியையே அனுப்பிச் சரிசெய்து திரும்பப் பெறுவது இன்னொன்று. இரண்டாவதுதான் சரி.

காரணம் பெட்டியின் மேலுள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. அதிலுள்ள மூன்று, நான்கு எழுத்துக் குறி உள்ளே எந்தப் புரோகிராம் என்பதைச் சொல்கிறது. 60 பின்கள் (உலோக முனைகள்) கொண்ட கனெக்டர் பொருந்திவிட்டதாலேயே பெட்டி பொருந்திவிட்டதாக ஆகாது. ஈ4ஓடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இயக்குவதும் இதே கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டர் இல்லாமலே இயங்கும் பழைய சி6 கியர்பாக்ஸ் வண்டியின் புரோகிராம் அதற்கு உதவாது. மாற்றுப் பெட்டிதான் வேண்டுமென்றால், அதே குறி உள்ளதை மட்டும் வாங்குங்கள். "இதுவும் ஓடும்" என்று சொல்லும் கடையை விட்டு விலகுவது நல்லது.

அனுப்புவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். கனெக்டரின் 1-ஆம் எண் பின்னில் எப்போதும் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். சாவியை ஆன் செய்ததும் 37, 57 இரண்டிலும் வர வேண்டும். வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சான இஇசி பவர் ரிலேயைப் பாருங்கள். 40, 60 இரண்டும் கிரவுண்ட். அவற்றுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிரவுண்ட் இணைப்பில் துரு. அடுத்து 26-க்கும் 46-க்கும் இடையே, கம்ப்யூட்டர் சென்சார்களுக்குக் கொடுக்கும் சுமார் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இது. அந்த 5 வோல்ட் இல்லையென்றால் கம்ப்யூட்டர் செத்ததாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் த்ராட்டில் சென்சார், இஜிஆர் (புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்குத் திருப்பும் வால்வு) சென்சார், மேப் (உள்ளிழுக்கும் காற்றழுத்த) சென்சார் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அந்த சென்சாரோ அதற்குப் போகும் வயரோ ஷார்ட். கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின், கம்ப்யூட்டரின் நினைவு அழிந்ததைச் சொல்லும் 512 என்ற பிழை எண் வந்தாலும் பயப்பட வேண்டாம். உள்ளேயுள்ள புரோகிராம் சில்லு கெட்டதைச் சொல்லும் 511 வந்தால் சந்தேகம் பெட்டியின் மேல்தான்.

பெட்டிக்குள் பெரும்பாலும் கெட்டுப்போவது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்: பொதுவாக 10 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் இரண்டு, 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் ஒன்று. வண்டி குறைவாக ஓடியிருப்பது இங்கே ஒரு பயனும் தராது. அவை வயதாலும் சூட்டாலும் கசிகின்றன. திறந்தால் மீன் வாடை அடிக்கும், கெப்பாசிட்டரின் அடியில் போர்டு கறுத்திருக்கும். கசிந்த திரவம் போர்டிலுள்ள செம்பு மின்பாதைக் கோடுகளை அரித்துவிடுவதால், கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்பி வரலாம்.

அதனால் சேவையை எடைபோடும்போது கேட்க வேண்டியவை இவை: மூன்று கெப்பாசிட்டர்களையும் மாற்றுகிறார்களா, 105 டிகிரி தாங்கும் வகையைப் போடுகிறார்களா, அரிப்பைச் சுத்தம் செய்து அறுந்த கோடுகளை ஒட்டுகிறார்களா, மேலே பாதுகாப்புப் பூச்சு மறுபடி பூசுகிறார்களா, போர்டைச் சூடாக்கிச் சோதிக்கிறார்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வர வேண்டும். என்ஜின் சூடான பிறகே தலைகாட்டும் கோளாறு, குளிர்ந்த மேஜையில் வைத்துச் சோதித்தால் பிடிபடாது. வேலைக்கு முன்னும் பின்னும் போர்டைப் படம் எடுத்து அனுப்புபவர்களை நம்பலாம். சால்டரிங் கை பழகியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பூச்சைப் பொறுமையாகச் சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளஸ் மைனஸ் திசை மாறாமல் போட வேண்டும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும் பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். கனெக்டரை நடுவிலுள்ள 10 மிமீ போல்ட் இழுத்துப் பிடிக்கும். நேராக உட்கார வைத்தபின் இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதன் பின்கள் வளையும். மாட்டியதும் கொஞ்ச தூரம் ஐடிலிங் ஏறி இறங்கும், கம்ப்யூட்டர் தன் நினைவை மறுபடி சேர்க்கும்வரை.