4,350 போச்சு: மலிவான சைக்கிள் டூல் செட் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

இன்று காலைதான் அந்த ஆன்லைன் சந்தைக்காரர்களுடைய கடைசி பதில் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் சைக்கிளை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். செயினை மாட்டும்போது இழுத்துப் பிடிக்கும் கொக்கி, பழைய ஸ்போக்கை வளைத்துச் செய்தது. பின்சக்கரப் பல்லைக் கழற்றும்போது சுற்றாமல் பிடிக்க, ஓர் இரும்புப் பட்டையில் பழைய செயின் துண்டை போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாக உழைக்கிறது. 'சைக்கிள் கிரீஸ்' என்று சின்ன டியூபில் விற்பதையும் வாங்குவதில்லை. மோட்டார் மெக்கானிக்குகள் பியரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸ் ஒரு டப்பா இருந்தால் வருஷக்கணக்கில் வரும்.

ஆனால் கிராங்க் புல்லரை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை (கிராங்க்) அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவியை, வீட்டில் செய்ய முடியாது. 22 மி.மீ. விட்டத்தில், 1 மி.மீ. இடைவெளியில் மரை வெட்ட வேண்டும். அதற்காகத்தான் ஆன்லைனில் தேடினேன்.

எல்லோரும் எல்லாமும் விற்கிற ஓர் ஆன்லைன் சந்தை. அதில் உதிரிபாகம் விற்கும் ஓர் ஆள். புல்லர் உள்ள டூல் செட், இரண்டு செயின், பிரேக் கட்டைகள், எல்லாம் சேர்த்து 4,350. தனித்தனியாக வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். சந்தேகப்பட்டு மெசேஜ் போட்டேன். அவரே போன் செய்தார். "அண்ணா, நானும் தினம் சைக்கிள் மிதிக்கிறவன்தான். என் வண்டிக்கே இந்தப் புல்லர்தான்" என்றார். அப்புறம், "உங்களுடையது சதுர அச்சுதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். அச்சின் வடிவத்துக்கு ஏற்ற புல்லர்தான் பொருந்தும். விஷயம் தெரியாதவன் அப்படிக் கேட்பானா? கால் மணி நேரம் பேசினோம், அண்ணா அண்ணா என்று. சந்தை வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக அனுப்பினால்தான் இந்த விலை என்றார். சரி என்று 4,350-ஐயும் அவர் கணக்குக்கே அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தது. கிராங்க் போல்ட்டை எடுத்து, மரையைத் துடைத்து, புல்லரைக் கையால் கடைசிவரை திருகினேன். லேசாக ஆடியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்று கொடுத்தேன், கரக் என்று ஒரு சத்தம். புல்லர் கையோடு வந்துவிட்டது. அதன் மேல் கிராங்கின் அலுமினிய மரை வெள்ளிச் சுருள் மாதிரி சுற்றியிருந்தது. கிராங்க் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் செயினை எடுத்து ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். புதுச் செயினில் 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாற்ற வேண்டிய நேரம். இவர் 'புதுசு' என்று அனுப்பியதில் இரண்டும் அந்த அளவுக்கு நீண்டிருந்தன! வெள்ளைத் துணியில் உருட்டினால் உருளைகளுக்குள்ளிருந்து கறுப்பு மை இறங்குகிறது, மண்ணெண்ணெய் வாசனையோடு. யாரோ ஓட்டித் தேய்த்த செயினைக் கழுவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தவறாகப் பயன்படுத்தியதற்கு நாங்கள் பொறுப்பல்ல." அந்த 'அண்ணா' எல்லாம் எங்கே போச்சோ. படம் அனுப்பினேன். பெட்டி பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதாம். சந்தைக்காரர்களிடம் போனேன். 48 மணி நேரத்தில் பதில் என்றார்கள், பிறகு இன்னொரு 48. இன்று காலை, "பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே புகாரை முடிக்கிறோம்." அவ்வளவுதான். 4,350. அதோடு இனி ஒரு புது கிராங்க் செலவு. நான் போட்ட மதிப்புரையையும் காணவில்லை.

குறைந்த செலவில் சைக்கிளைப் பராமரிப்பது எப்படி என்று விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது மனசில்லை. அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன்.

எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். செயினை மாட்டுவதற்கு முன்பே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கொக்கி, பிடி மாதிரியானவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், மரைக்குள் போகிற கருவியில் மட்டும் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கையால் திருகும்போது ஆடினால் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். 'எல்லா டிஸ்க் பிரேக்குக்கும் ஒரே ஆயில்' என்று அதே ஆள் ஒரு புட்டியையும் என் தலையில் கட்டப் பார்த்தார். மினரல் ஆயில் ஓடுகிற பிரேக்கில் டாட் (DOT) என்கிற வேறு வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் சீல் கெட்டு பிரேக்கே பிடிக்காது, உயிர் விஷயம்.

அந்தச் செட் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. சிவப்புப் பெட்டி, கறுப்புப் பிடி, அதே 4,350.