முப்பதடித் தெருவில் பிளாட்பாரமா, சமதளமா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மளிகை, ஆவின் பால், ரேஷன், மருந்துக்கடை, இஸ்திரி வண்டி எல்லாமே பெரும்பாலும் ஐந்து நிமிட நடையில் கிடைத்துவிடும். புறநகர் மனைப்பிரிவுகளுக்கு வாய்க்காத வசதி இது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோவும் வந்துவிட்டது. நடக்கிற தரைதான் சரியில்லை. முப்பதடித் தெருவில் அதைச் சீர்செய்ய மூன்று வழிகள் உண்டு.

இருபுறமும் பிளாட்பாரம்

தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும், கெர்ப் (பிளாட்பார ஓரக்கல்) உயரம் 150 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103. முப்பதடி என்பது 9.1 மீட்டர். இருபுறமும் சேர்த்து 3.6 மீட்டர் போனால் மிச்சம் 5.5. ஓரமாக பைக்குகளைக் குறுக்கே நிறுத்தினால் அதிலும் 2 மீட்டர் போய்விடும். அப்புறம் ஒரு தண்ணீர் லாரி நின்றாலே தெரு அடைத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாசல்கள். இருபதடி முகப்புள்ள வீடுகள் என்றால் 100 மீட்டருக்கு ஒரு பக்கம் மட்டும் பதினாறு வாசல். வீட்டுக்கு வீடு பைக் ஏற்றச் சரிவு வெட்டுவார்கள். மழைநீர் வடிகாலின் மூடியே பிளாட்பாரமாகிற இடங்களில் உயரம் ஓரடியைத் தொடும். ரேஷன் அரிசிப் பையோடு வரும் பாட்டி பதினாறு முறை ஏறி இறங்குவாரா? ரோட்டில்தான் நடப்பார். போதாததற்கு நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸும் அடிபம்பும் வேறு.

ஒருவழி, ஒருபுறம் அகலப் பிளாட்பாரம்

3 மீட்டர் நடைக்கு, 2 மீட்டர் வண்டி நிறுத்த, மீதி 4 வண்டி ஓட. பள்ளிக்கூடம், ரேஷன் கடை இருக்கும் தெருவுக்குப் பொருந்தும். ஆனால் பக்கத்திலேயே எதிர்த்திசைக்கு இன்னொரு தெரு வேண்டும். எதிரே வண்டி வராது என்று தெரிந்ததும் பைக்குகள் பறக்கும், அதனால் பள்ளி வாசலில் பிளாட்பார உயரத்துக்கே மேடான கடவை (தெருவைக் கடக்கும் இடம்) போடாமல் இதைத் தொடங்கக்கூடாது.

சமதளத் தெரு

கெர்ப் கிடையாது, சுவருக்குச் சுவர் ஒரே தளம், ஆளும் வண்டியும் கலந்து போகும். வண்டி மெதுவாகப் போனால்தான் இது நடக்கும். தெரு நுழைவில் 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரத்தில் வளைந்த ஸ்பீட் பிரேக்கர். உள்ளே, வண்டி நிறுத்தும் பக்கத்தை முப்பது மீட்டருக்கொரு முறை மாற்றினால் நேராகச் சீற முடியாது.

தளம் கெட்டுப்போவது பெரும்பாலும் பதிக்கிற கல்லின் தடிமனில். வண்டி ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. பேவர் (கான்கிரீட் தளக்கல்) வேண்டும், நடைபாதைக்கான 60 மி.மீ. கல்லைப் போட்டால் லாரி சக்கரம் போன தடத்தில் தண்ணீர் தேங்கும். கல்லுக்கடியில் மணல் சுமார் 30 மி.மீ. போதும். கெட்டிக்காத குழியை மணலால் நிரப்பிச் சமாளித்தால் முதல் மழையிலேயே உள்வாங்கும். ஓரத்தில் கான்கிரீட் பிடிமானம் இல்லையென்றால் கற்கள் விலகும்.

நீர் வாட்டம் நூற்றுக்கு இரண்டு: சுவரோரத்திலிருந்து நடு வடிகாலுக்கு 9 செ.மீ. இறக்கம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே கல் பதித்தால் வாசற்படியைவிடத் தெரு உயர்ந்துவிடும். நவம்பர் மழை நேராக வீட்டுக்குள் வரும். தாழ்வான வடசென்னையில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கெர்ப் இல்லாததால் பார்வையற்றவரின் கோலுக்குப் பிடி இருக்காது, சுவரோரமாக 300 மி.மீ. தொடுஓடு (தொட்டு வழி அறிய மேடு வைத்த ஓடு) வரிசை கட்டாயம்.

எந்தத் தெருவுக்கு எது?

பஸ் ஓடும் சாலையிலும், கண்டெய்னர் டிரெய்லர் போகும் எண்ணூர் நெடுஞ்சாலை மாதிரியான இடத்திலும் பிளாட்பாரம்தான், பேச்சே இல்லை. குடியிருப்புத் தெருவில் முதலில் வாசல்களை எண்ண வேண்டும். ஒரு பக்கம் 100 மீட்டருக்குப் பத்தைத் தாண்டினால் எங்கள் தேர்வு சமதளம். குடிநீர்க் குழாய், கழிவுநீர், கேபிள் மூன்றையும் முடித்து, மேன்ஹோல் மூடிகளைப் புது மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கல் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே யாராவது கடப்பாரையோடு வந்து நிற்பார்கள்.