வெந்நீருக்குக் கேஸா, கரண்டா? ஒரு பக்கெட் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்ற நாளில் ஒன்றரை மாதம் வருவது ஒரு மாதத்தில் முடிந்துபோகும். சமையல் கூடவில்லை. விடியற்காலையில் அடுப்பில் ஏறும் அண்டாதான் காரணம். "கீசர் போட்டா ஈபி பில்லு எகிறிடும்பா, கேஸ்தான் சீப்பு" என்று அம்மா சொல்வார். சென்னையில் பாதி வீடுகளில் இதே பேச்சுதான். இந்த வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நங்கநல்லூரில் எங்கள் குழாயில் காலை ஐந்தரை மணிக்கு வரும் தண்ணீர் 26 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் பக்கெட் ஒன்றை அந்த 14 டிகிரி ஏற்ற ஒரு யூனிட் கரண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான வெப்பம் வேண்டும். எதில் காய்ச்சினாலும் தண்ணீருக்குள் போக வேண்டிய சூடு இவ்வளவுதான். வழியில் எவ்வளவு வீணாகிறது, வாங்கிய விலை என்ன என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டர் 2025 ஏப்ரலில் சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலைக்குக் கிலோ 61 ரூபாய். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஆனால் அடுப்பில் அத்தனையும் பாத்திரத்துக்குள் போகாது. ஐஎஸ்ஐ தரம் கேட்பதே குறைந்தது 68 சதவீதம், அதுவும் சோதனைக்கூடத்தில். வீட்டில் மூடி போட்டுக் காய்ச்சினால் 60 வரும் என்று வைத்துக்கொண்டேன். பக்கெட்டுக்கு 42 கிராம் கேஸ், 2 ரூபாய் 60 காசு. மூன்று பேர் தினமும் குளித்தால் மாதம் 3.8 கிலோ, அதாவது சிலிண்டரில் கால் பங்குக்கும் மேல். எங்கள் வீட்டுப் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. அம்மா மூடி போடுவதே இல்லை என்பதால் உண்மைச் செலவு இன்னும் அதிகம். அண்டாவுக்கு வெளியே நாக்கை நீட்டி எரிந்த நீலத் தீயைப் பார்த்தாலே தெரிந்தது, காசு சமையலறைக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் கீசரில் காயில், அதாவது சூடேற்றும் கம்பிச் சுருள், தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் காய்ச்சும்போது சூடு ஏறக்குறைய முழுதும் தண்ணீருக்கே போகும். 25 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட். 2 கிலோவாட் கீசர் என்றால் அரை மணி நேரம். அதை விளாவினால் மூன்று பக்கெட். ஆக, ஒரு யூனிட் என்ன விலை என்பதே கேள்வி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2025 கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். கீசர் எந்தப் படியில் போய் உட்காருகிறதோ அதுதான் வெந்நீரின் விலை. 400-க்குள் என்றால், தொட்டியில் ஆறிப்போவதையும் சேர்த்து பக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். 500-க்கு மேல் மூன்று ரூபாயை ஒட்டி. ஆயிரத்துக்கு மேல் நான்கு ரூபாய்.

ஏசி இருக்கும் வீடுகள் இதைக் கேட்டுப் பயப்படலாம். ஆனால் நமக்கு வெந்நீர் தேவைப்படும் மாதங்களில் ஏசி ஓடுவதில்லை. மே மாத பில்லை வைத்து மார்கழிக் கீசரை எடைபோடக் கூடாது. போன வருஷம் டிசம்பர், ஜனவரியை உள்ளடக்கிய பில்லை எடுங்கள். மூன்று பேருக்கு இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் கூட்டுங்கள். 400-க்குள் நின்றால் கீசர்தான், யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே 450, 480 என்று இருக்கும் வீடு மட்டும் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் சேர்ந்து போய்விடும்.

கேஸ் கீசர் கணக்கில் நன்றாகத்தான் தெரிகிறது, பக்கெட் சுமார் 2 ரூபாய். கரண்டில் மேல்படியில் இருப்பவர்களுக்கு இது மலிவு. ஆனாலும் அடுக்குமாடிக் குளியலறைக்குள் இதை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கதவைச் சாத்திய சின்ன அறையில் அது எரிந்தால் ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். காற்றோட்டமான பால்கனியில் வைத்துக் குழாய் இழுக்க முடிந்தால் மட்டும் பாருங்கள்.

சோலாருக்கு வெயில் இலவசம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும்போதுதான் நமக்கு வெந்நீர் வேண்டும், மேயில் கொதிக்கக் கொதிக்க வருவதை யாரும் கேட்பதில்லை. சொந்த மொட்டைமாடியும் பெரிய குடும்பமும் இருந்தால் சரி. குழாய் எரிவாயு வந்த பகுதிகளில் ஒரு கணக்கு: ஒரு சிலிண்டரின் வெப்பம் ஏறக்குறைய 18 கன மீட்டருக்குச் சமம். அதை வைத்து உங்கள் பில்லை ஒப்பிடுங்கள்.

கீசர் வாங்கினாலும் போர் தண்ணீர் வீடுகளில் வேறொரு செலவு காத்திருக்கிறது. எங்கள் பழைய கீசரைப் பிளம்பர் திறந்தபோது காயில் முழுக்க வெள்ளை உப்பு, சுண்ணாம்பு பூசிய மாதிரி விரல் தடிமனுக்கு. தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தப் படலம் இருந்தால் காயில் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் எரிந்துபோகும். வருஷம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை 50-ல் வையுங்கள், ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு ஸ்விட்சை அணையுங்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லாதவர்களுக்கு ஹீட்டர் ராடு இருக்கிறது. 1,500 வாட் ராடு ஒரு பக்கெட்டைச் சுமார் 13 நிமிஷத்தில் காய்ச்சிவிடும், செலவு கீசரைவிடக் கொஞ்சம் குறைவே. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் பக்கெட்டில் வையுங்கள், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரலை வைக்காதீர்கள். குழந்தை நடமாடும் வீடென்றால் இது வேண்டாம். அங்கே அடுப்பே இருக்கட்டும், மூடியோடு, தளதளவென்று கொதிக்க விடாமல் கை பொறுக்கும் சூட்டில் இறக்கி.